கஸ்பார் மாஸ்டரின் வலது கால்

ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல், இரண்டும் நெருக்கியது போக மிச்சமிருக்கும் கையகல இடத்தில் வீடுகளைக் கட்டிக்கொண்டு வாழ்கிற தூத்துக்குடி அந்தோணியார் கோவில் தெருவில், பாட்டு மாஸ்டர் கஸ்பார் கொரேராவின் அடக்கப் பூசை முக்கால்வாசி முடிந்திருந்த வேளையில், பீடத்துக்கு முன்னால் திறந்துவைத்திருந்த பெட்டிக்குள் அவருடைய வலது கால் மட்டும் தட்ட ஆரம்பித்தது. முகம் அப்படியே இருந்தது, ஜெபமாலை சுற்றிய கைகள் மார்பின்மேல் அப்படியே இருந்தன, மூக்கில் வைத்த பஞ்சுகூட அசையவில்லை. பாலீஷ் போட்ட கறுப்பு ஷூவுக்குள் இருந்த அந்த ஒரு கால் மட்டும் நிதானமாக எழும்பி, குதிகாலால் பலகையை டக் என்று தட்டி, கொஞ்சம் பொறுத்து மறுபடி டக் என்று தட்டியது.

பெட்டிக்குப் பக்கத்தில் வயலினைத் தோளில் வைத்தபடி நின்றிருந்த அவருடைய மனைவி மெட்டில்டாவுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. செத்தவர் காலை ஆட்டுகிறாரே என்கிற அதிர்ச்சி கோவிலில் இருந்த அத்தனை பேருக்கும் பொது, அதில் அவளுக்கென்று தனிப்பங்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு விழுந்த அடி வேறு. அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும்.

அந்தக் கோவில் தெருவில் மேற்கத்திய சங்கீதம் படித்த எவருக்கும் அந்தச் சத்தத்தைத் தெரியும். கஸ்பார் மாஸ்டரின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: வாசிக்கிறவன் கால் அசையக் கூடாது. தாளம் மூச்சில் இருக்க வேண்டும், வில் இழுக்கிற கையில் இருக்க வேண்டும், காலைத் தட்டி வாசிக்கிறவன் கூத்தாடி. அவர் தம்முடைய காலைத் தட்டுவது ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். பாட்டோ வாசிப்போ அவருக்குப் பிடிக்காத வழியில் போனால் குதிகாலால் தரையில் டக், டக் என்று இரண்டு தட்டு. உடனே எல்லோரும் எந்த இடத்தில் இருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், அரைச் சொல் தொண்டைக்குள் இருந்தால் அது தொண்டைக்குள்ளேயே இருக்கட்டும். அப்படி விழுங்கிய அரைச் சொற்களோடு அந்தத் தெருவில் ஒரு தலைமுறையே வளர்ந்து கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றுவிட்டது.

அதனால் அன்றைக்கும் அந்தத் தட்டு கேட்டதும், தட்டியது யார், அவர் எந்த நிலைமையில் இருக்கிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. மெட்டில்டாவின் வில் நின்றது. எதிரில் உட்கார்ந்து செல்லோ வாசித்துக்கொண்டிருந்த மாஸ்டரின் தம்பி ஹிலாரியின் விரல் நின்றது. மேலே மாடத்தில் அடுத்த பாட்டுக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த பாடகர் குழுகூடச் செருமலைப் பாதியில் நிறுத்தியது. வேறு ஊராக இருந்தால் பிணம் காலை ஆட்டியதும் அலறியடித்து ஓடியிருப்பார்கள். இவர்கள் பழக்கதோஷத்தில் கப்சிப்பென்று நின்றார்கள், அதற்கப்புறம்தான் அலறியடித்து ஓடினார்கள்.

அவர்கள் இரண்டு பேரும் என்ன வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினையே அங்கேதான் இருக்கிறது. வயலினுக்கும் செல்லோவுக்கும் எந்தக் காலத்திலோ எவரோ ஒரு ஜெர்மன்காரர் எழுதிவைத்த டூயட் அது, மெதுவாக நடக்கிற பகுதி, மாஸ்டருக்கு உயிர். அதில் நாலு எண்ணிக்கை ஒரு சுற்று. ஒன்றும் மூன்றும் தலை, இரண்டும் நாலும் வால், தலையில் அழுத்தம், வாலில் அடக்கம், இதுதான் முறை. ஆனால் ஹிலாரி வாலிபத்தில் கப்பலேறிப் போனவன். வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குக்குச் சுற்றுகிற பெரிய கப்பல்களின் ஜாஸ் குழுவில் வருஷக்கணக்காக வாசித்தவன். அங்கே வாலுக்குத்தான் மகுடம். இரண்டிலும் நாலிலும்தான் கனம் விழும், சுரம் வர வேண்டிய நேரத்துக்கு ஒரு இமை தாமதமாக, தூக்கம் கலையாத ஆள் படியிறங்குவதுபோல வந்து சேரும், அப்படி வருவதுதான் அழகு. ஊருக்குத் திரும்பி வந்தவன் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க முடியும் என்று சொன்னான், அண்ணன் இல்லாத ஒரு பங்கு விழாவில் மயினி மெட்டில்டாவோடு சேர்ந்து அதே டூயட்டை அப்படி வாசித்தும் காட்டினான்.

அண்ணன் இல்லாத விழா என்று நினைத்தார்கள், ஆனால் அண்ணன் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். சபை நடுவே நடந்துவந்து, குதிகாலால் டக், டக் என்று தட்டினார். வாசிப்பு நின்றது. கைதட்டத் தயாராக இருந்த கைகளெல்லாம் மடிக்குப் போயின. அவர் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார், அன்றோடு தம்பிக்கு அந்த வீட்டு வாசற்படி மறுக்கப்பட்டது. மெட்டில்டாவிடம் அவர் ஏன் என்று கேட்கவில்லை, திட்டவில்லை, மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்போதும்போலச் சாப்பிட்டார், ஆனால் அவளுடைய வயலினுக்குத் தாம் செல்லோ பிடித்து அந்த டூயட்டை வாசிப்பதை மட்டும் விட்டுவிட்டார். அவளுக்கு அது திட்டைவிடக் கேவலமாக இருந்தது.

அவர் செத்த அன்று, அடக்கத்தில் அந்த டூயட்டை வாசிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஊரில் அவருக்கப்புறம் செல்லோ வாசிக்க ஹிலாரியை விட்டால் ஆளில்லை. "நேரா வாசிக்கணும், ஹிலாரி, அண்ணனுக்குப் பிடிச்ச மாதிரி," என்று சொல்லித்தான் கூப்பிட்டாள். அவனும் நேராகத்தான் ஆரம்பித்தான். நாலு வரி போவதற்குள் அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்து, வில் நழுவிக் கீழே விழுந்துவிட்டது. டூயட்டில் ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் அந்தரத்தில் தொங்குவார் என்பதால், குனிந்து எடுக்கத் தோன்றாமல் விரலால் நரம்பைச் சுண்ட ஆரம்பித்தான். விரலுக்குத் தெரிந்ததோ கப்பலில் பழகிய நடைதான். அது இரண்டிலும் நாலிலும் ஊன்றி ஊன்றி நடந்தது. மெட்டில்டா என்ன செய்வாள்? வில்லைப் பழைய முறைப்படியே நுனியிலிருந்து அடிவரை சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல் இழுத்தாள், ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் அவன் விரலுக்காக அந்த ஒரு இமை காக்கவைத்தாள். அழுத கண்ணோடு அவளுக்கு ஒன்று தெரிந்தது, அது எவ்வளவு வெட்கக்கேடாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: தன் வாழ்நாளில் அவள் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. அப்போதுதான் கால் தட்டியது.

டாக்டர் வள்ளிநாயகத்தைக் கூட்டிவந்தார்கள். மாஸ்டர் செத்துவிட்டார் என்று முந்தின நாள் சொன்னவரே அவர்தான். மார்பில் குழலை வைத்துப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஷூவின்மேல் குழலை வைத்தும் பார்த்தார். "மாஸ்டர் இறந்துட்டார், அதுல சந்தேகமே இல்லை. கால் மட்டும் நல்லா இருக்கு," என்றார்.

பங்குச் சாமியார் பாதர் உபால்டு நெற்றியைத் தேய்த்தார். கால் ஆடுகிற மனிதரை மண்ணில் போட அவருக்கு மனம் வரவில்லை, செத்தவரைக் கோவிலில் வைத்திருக்கவும் முறையில்லை. அதனால் அந்தத் தெரு அதுவரை கண்டிராத ஒன்றைக் கண்டது. கோவிலுக்குப் போன பெட்டி வீட்டுக்குத் திரும்பி வந்தது. எதிரே வருகிறவர்கள் வழக்கம்போலச் சிலுவை போட்டுவிட்டு, பெட்டி போகும் திசையைப் பார்த்து, போட்ட சிலுவையைத் திரும்ப எடுக்க முடியுமா என்று குழம்பி நின்றார்கள். தூக்கிவந்த நாலு பேரும், அவர்கள் அறியாமலே, உள்ளேயிருந்து வந்த தட்டுக்குக் கால் மாற்றி நடந்தார்கள்.

பெட்டியை முன்னறையில், பியானோவுக்குப் பக்கத்தில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்து வைத்தார்கள். துறைமுகத்திலிருந்து ஐஸ் கட்டிகள் வந்தன. வந்த ஐஸ் உருகியதுதான் மிச்சம், மாஸ்டரின் உடம்பில் ஒரு வாடையும் இல்லை, போட்ட சென்ட்டின் மணம்கூடப் போகவில்லை. கால் கட்டை விரல்களைத் துணியால் சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள், வலது கால் இடது காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தட்டியது. குதிகாலுக்கடியில் தலையணை வைத்தார்கள். சத்தம் அமுங்கியது, ஆனால் மறுநாள் காலையில் தெருக்காரர்கள் கண் சிவந்து வந்து, கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் நின்றுபோனதில் பயந்து ராத்திரி பூராவும் உறக்கமில்லை என்று சொல்லித் தலையணையை எடுக்கச் சொன்னார்கள்.

ஊர் இதற்குப் பழகிப்போனதுதான் மெட்டில்டாவுக்கு வந்த இரண்டாவது அதிர்ச்சி. முதல் இரண்டு நாள் வாசல் கொள்ளாமல் கூட்டம் நின்றது, மூன்றாம் நாள் பாதியானது, அதற்கப்புறம் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது, போகும்போது அவளுடைய புருஷனின் காலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. உப்பளத்துக்குப் போகிற பெண்கள் காலையில் அந்த வழியாக வந்து ஜன்னலோரம் நின்று தாளத்தை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு போய், அந்த நடைக்கே பலகையைத் தள்ளி உப்பு வாரினார்கள். இரண்டிலும் நாலிலும் தள்ளினால் இடுப்பு நோவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். தொட்டில் ஆட்டுகிற அம்மாக்கள் அந்தத் தட்டுக்கு ஆட்டினார்கள். தெருமுனையில் மக்ரூன் போடுகிற ஞானையா, முட்டை வெள்ளையை அந்தத் தாளத்துக்கு அடித்தால் நுரை கல்லுமாதிரி நிற்கிறது என்று கண்டுபிடித்து, பேக்கரிக் கதவை மாஸ்டர் வீட்டுப் பக்கம் பார்த்துத் திருப்பிவைத்தார். கோவில் மணியடிக்கிறவர் ஒரு இமை தாமதமாக அடிக்க ஆரம்பித்தார். ஆட்டோக்காரர்கள் ஹாரனை வாலில் அழுத்தினார்கள். ஊருக்குள் யாரும் இதை அதிசயம் என்று சொல்வதை விட்டுவிட்டார்கள், தண்ணீர் லாரி வருகிறதா என்று கேட்பதுபோல, "மாஸ்டர் தட்டுதாவளா?" என்று கேட்டுக்கொண்டார்கள். இவ்வளவு சீக்கிரமா? ஒரு மனிதர் செத்தும் சாகாமல் கிடக்கிறார், அதற்கு இவ்வளவு சீக்கிரமா பழகிவிட முடியும்?

ஒன்றில் மட்டும் ஊர் சமாதானமாகவில்லை. மாஸ்டர் எதற்காகத் தட்டுகிறார் என்பதில் தெருவே இரண்டாகப் பிரிந்தது. அவர் கோபத்தில் தட்டுகிறார், தம்பி தம்முடைய அடக்கத்திலேயே கப்பல் பாட்டை வாசித்ததும் செத்த உடம்புக்கே பொறுக்கவில்லை, நிறுத்து நிறுத்து என்றுதான் இன்னமும் தட்டிக்கொண்டிருக்கிறார் என்றது கோபக் கட்சி. கோபத்தில் தட்டுகிறவர் இரண்டு தட்டோடு நிறுத்துவார், இவர் நிறுத்தாமல் தட்டுகிறார், அதுவும் இரண்டிலும் நாலிலும் பிசகாமல் தட்டுகிறார், ஆகவே அனுபவித்துத் தாளம் போடுகிறார் என்றது தாளக் கட்சி. டீக்கடையில் கட்சிக்கொரு பெஞ்சு ஏற்பட்டது. தேர்தலில்கூட ஒரே பக்கம் ஓட்டுப் போடுகிற அண்ணன் தம்பிகள் இதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இரண்டு கட்சியும் ஒருநாள் ஞானையாவைத் தூது அனுப்பின. அவர் ஒரு பொட்டலம் மக்ரூனோடு வந்து, பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஒங்களுக்குத் தெரியாம இருக்காதும்மா. கூடவே வாழ்ந்தவிய. கோவமா, தாளமா?"

"எனக்குத் தெரியலையே அண்ணாச்சி," என்றாள் மெட்டில்டா.

அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை, அவளுடைய கஷ்டமே அதுதான். தாளமாக இருந்தால், அந்த மனிதருக்கு அவளுடைய வாசிப்பு பிடித்திருக்கிறது; அன்று சபை நடுவே பிடிக்காமல் போனதும், அதற்கப்புறம் வருஷக்கணக்காக மூடிவைத்த அந்த டூயட்டும் வேறு ஏதோ வீம்பில் நடந்தது என்று அவள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கோபமாக இருந்தால், அவர் கடைசியாகக் கேட்டது அவளுடைய துரோகத்தை, அந்தக் கசப்போடுதான் அவர் போகிறார். ஊருக்கு இது பேச்சு. அவளுக்கு அவளுடைய மொத்தக் கல்யாண வாழ்க்கைக்கும் தீர்ப்பு. மதியமானால் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டியோரம் உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். வயலினைத் தொடவில்லை. கோபமாக இருந்தால் என்ன செய்வது என்கிற பயம். "சொல்லிட்டாவது போங்களேன்," என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள். கால் டக் என்றது, டக் என்றது, வேறொன்றும் சொல்லவில்லை.

பங்குத் திருவிழா நெருங்கியது. கொடியேறினால் சப்பரம் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும், அடக்கம் செய்யாத உடம்பு இருக்கிற வீட்டைத் தாண்டிச் சப்பரம் போகக் கூடாது. பாதர் உபால்டு நல்ல மனிதர், நாலு நாள் சொல்லாமல் மென்று விழுங்கிவிட்டுக் கடைசியில் வந்து சொன்னார்.

"பெட்டியை மூடிரலாம்மா. கால் ஆடினா ஆடட்டும். ஆத்துமா போயாச்சு, மிச்சம் மண்ணுக்குத்தானே."

"தட்டிக்கிட்டு இருக்கவியளயா சாமி? ஆணியடிச்சு மூடி, மண்ணைப் போட்டு, உள்ளேருந்து தட்டத் தட்டவா?"

பாதர் தம்முடைய கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் அந்தக் காட்சி தெரிந்துவிட்டது, முகம் வெளுத்துப் போனது. ஆனாலும் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் அடக்கம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மெட்டில்டா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், மின்கம்பத்தின் நிழலில் ஹிலாரி நின்றுகொண்டிருந்தான். பெட்டி வீடு திரும்பிய நாளிலிருந்து அவன் தினமும் அங்கேதான் வந்து நிற்கிறான், உள்ளே வருவதில்லை. அவள் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள்.

"உள்ள வா, ஹிலாரி."

"அண்ணன் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ மயினி."

"இப்ப நான் வரச் சொல்லுதேன்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான், வந்தவன் பெட்டியைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவரைப் பார்த்து நின்றான். நரைத்துப் போன பிறகும் அண்ணன் முன்னால் அவன் தப்பு செய்தவன்தான். கொஞ்ச நேரம் தட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"மயினி, நாம பாட்டை முடிக்கலை."

"என்ன சொல்லுத?"

"அன்னைக்குத் தட்டு கேட்டதும் பாதியில விட்டுட்டோம்லா? அவிய பாட்டுக்குள்ள வந்துட்டாவ, நாம வெளிய போயிட்டோம். அவிய இன்னும் அந்த இடத்துலதான் நிக்காவ. யாராச்சும் முடிச்சு வைக்கணும்."

மெட்டில்டா அவனையே பார்த்தாள். கோபமா தாளமா என்று ஊரே அடித்துக்கொள்ளும்போது, வாசிப்பு முடியவில்லை என்கிற சாதாரண விஷயம் ஒருத்தருக்கும், தனக்கும்கூடத் தோன்றவில்லையே என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. அந்தத் தெருவில் தட்டு கேட்டால் நிறுத்துவார்கள். நிறுத்தியதைத் திரும்ப எடுத்து முடித்தவர்கள் இல்லை.

"முடிச்சா கால் நின்னுருமா?"

"நிக்கும்னுதான் நெனைக்கேன்."

"அப்போ அவிய ஏன் தட்டினாவன்னு எனக்குத் தெரியாமலே போயிரும்."

அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முடிக்காவிட்டால் அவரை உயிருள்ள காலோடு புதைப்பார்கள். முடித்தால் அந்தக் காலையும் அவளே கொன்றவளாவாள், கேள்வியும் அவளோடு தங்கிப்போகும். இரண்டில் எது என்று கேட்டால் எந்தப் பெண்ணால்தான் சொல்ல முடியும்?

"முடிவுல அந்த ஜெர்மன்காரர் எழுதினதுபடி எல்லாம் ஒண்ணா நிக்கணும்," என்றாள் கடைசியில். "ஆனா ஒன் நடையில போனா அது எங்க வருது?"

"கப்பல்ல முடிவை யாரும் எழுதுததில்லை மயினி. சுத்திச் சுத்தி வாசிப்போம். போதும்னு தோணும்போது ஒருத்தர் தலையசைக்கணும். அந்தச் சுத்தோட சரி."

"யாரு அசைக்கது?"

"நீங்கதான். மேல் வாத்தியம் ஒங்களுது."

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கடல் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கோபக் கட்சி குழிக்கு இடதுபக்கமும் தாளக் கட்சி வலதுபக்கமும் நின்றன, உப்பளத்துப் பெண்கள் மதிலோரம் நின்றார்கள், ஞானையா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். குழியின் விளிம்பில், மூடி திறந்தபடி பெட்டி. நாற்காலி போட்டு ஹிலாரி செல்லோவோடு உட்கார்ந்தான், இந்தத் தடவை வில்லைக் கொண்டுவரவே இல்லை. மெட்டில்டா பெட்டியின் கால்மாட்டில், ஷூவுக்கு நேரே நின்றாள். மூச்சை இழுத்தாள். அந்த மூச்சில் ஹிலாரியும் சேர்ந்துகொள்ள, அன்று விட்ட இடத்திலிருந்து, அந்தச் சுற்றின் பாதியிலிருந்து எடுத்தார்கள்.

கால் விட்டுப்போகவில்லை, அவர்களுக்காக இத்தனை நாள் அந்த இடத்திலேயே நின்றிருந்தது என்று ஹிலாரி சொன்னது சரிதான். செல்லோ கீழே நடந்தது, வயலின் மேலே பழைய முறைப்படி நீளமாக, சுத்தமாகப் பாடிக்கொண்டே ஒரு இமை பின்தங்கிப் பின்தங்கி வந்து சேர்ந்தது, நடுவில் அந்தக் கறுப்பு ஷூ இரண்டிலும் நாலிலும் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று. ஜெர்மன்காரர் எழுதாத வழிகளிலெல்லாம் மெட்டில்டா போனாள், போய்விட்டு அவர் எழுதிய வரிக்கே திரும்பி வந்தாள். தலையசைக்க வேண்டும் என்று ஒவ்வொரு சுற்று முடிவிலும் நினைத்தாள், ஒவ்வொரு முறையும் கழுத்து கல்லாகிப் போனது. ஹிலாரி நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தான். பாதர் உபால்டு தீர்த்தச் செம்பைப் பிடித்திருந்த கை மரத்துப் போய்ச் செம்பைக் கீழே வைத்தார். கூட்டத்தில் ஒருவர்கூட அசையவில்லை, கால்விரல்களைத் தவிர.

ஒரு சுற்றின் கடைசியில், விரல் வலிக்க, கண் மறைக்க, அவளே எதிர்பாராமல் அவள் தலையசைத்துவிட்டாள். செல்லோ கடைசிச் சுரத்துக்கு வந்து நின்றது. வயலினும் கடைசிச் சுரத்துக்கு வந்தது. கால் அடுத்த தட்டுக்காக மேலே எழும்பியது.

எழும்பிய கால் இறங்கவில்லை.

மெட்டில்டாவின் வில் கடைசிச் சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தது, இன்னும் பாதி வில் மிச்சம் இருந்தது. ஷூ காற்றில், பலகைக்கு ஒரு விரற்கடை மேலே, அப்படியே நின்றது. அவள் அதைப் பார்த்தாள். ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது என்று அவள் புருஷன் ஒருநாளும் அவளிடம் விட்டதில்லை. எத்தனையோ மாலைகளில் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள், அத்தனையிலும் கடைசிச் சுரத்தை அவர்தான் வெட்டுவார். அவள் வில்லை எடுப்பதற்குள் அவர் வில்லைத் துடைக்க ஆரம்பித்திருப்பார். இப்போது அவர் வெட்டவில்லை. வில் நுனிக்கு வந்துவிட்டது, அவள் சத்தம் அறாமல் திருப்பி மறுபடியும் இழுத்தாள், கால் நின்றது. இன்னொரு முறை திருப்பினாள், கால் நின்றது. கோபப்பட்டவர் இப்படி நிற்பாரா? ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, நீ முடி, அப்புறம்தான் நான், என்று எந்தக் கோபக்காரர் நிற்பார்? அவளுக்கு ரத்தமெல்லாம் வடிந்து காலுக்குப் போய்விட்டது போலிருந்தது. செத்த உடம்பு தட்டியது அவளுக்குப் பெரிய அதிர்ச்சியல்ல, ஊர் அதற்குப் பழகியதும் அல்ல. இதுதான் அதிர்ச்சி.

அவர் அவளுக்காகக் காத்திருந்தார்.

அவளால் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் அந்தச் சுரத்தைப் பிடித்திருந்தாள். சுரம் மெலிந்து, நூலாகி, காற்றில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஆனபோது வில்லை எடுத்தாள். அதற்கப்புறம் கால் இறங்கியது. அவளோடு சேர்ந்து இறங்கவில்லை, ஒரு இமை கழித்து, மெதுவாக, டக் என்ற சத்தம்கூட இல்லாமல் பலகையில் போய்ப் படுத்தது. ஷூவின் முனை பக்கவாட்டில் சாய்ந்தது. இனி அது எழாது என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

கோபக் கட்சியில் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். ஹிலாரி செல்லோவின் கழுத்தில் முகத்தை வைத்து விம்மினான். குழி வெட்டுகிறவர் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மூடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"இருங்க," என்றாள் மெட்டில்டா.

வயலினைப் பாதரின் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியைச் சுற்றி வந்து, மணலில் மண்டியிட்டு, கஸ்பார் மாஸ்டரின் முகத்துக்கு நேரே குனிந்தாள். முத்தம் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். அவள் புருஷனிடம் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசாதவள். அன்று அவள் கத்திய கத்தலில் மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பிப் போயின.

"உயிரோட இருக்கையில இதை ஒரே ஒரு நாள் செஞ்சிருக்கப்பிடாதா? ஒரே ஒரு நாள்?"

பாதர் உபால்டு வயலினைப் பிடிக்கத் தெரியாமல் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றார். மெட்டில்டா பதிலுக்காகக் காத்திருந்தாள், அவர் அவளுக்காகக் காத்திருந்த அளவுக்குக் காத்திருந்தாள். பிறகு முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்து, குழி வெட்டுகிறவரைப் பார்த்து மூடச் சொன்னாள்.